போடிமெட்டு ஏறுறதுக்கு எந்த மேனுவல் வண்டி? 370 என்எம்ங்கிற நம்பர மட்டும் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துராதீங்க

எங்க மச்சான் ரெண்டு மாசமா ஒரே கேள்விய கேட்டுக்கிட்டு இருக்காரு. "மாப்ள, ஸ்கார்பியோ என் பெட்ரோல் மேனுவல்லயும் டார்க் 370, டீசல் மேனுவல்லயும் 370, பெட்ரோல்ல 203 குதிரை, டீசல்ல 175 குதிரை, அப்புறம் நான் எதுக்கு டீசலுக்குப் போகணும்?" நியாயமான கேள்விதான். ஷோரூம்ல குடுத்த பேப்பர வச்சுப் பாத்தா பெட்ரோல்தான் முன்னாடி நிக்குது. ஆனா மச்சானுக்கு சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டம் இருக்கு, வாரத்துக்கு நாலு தடவ போடியில இருந்து முந்தல் தாண்டி 17 ஹேர்பின் வளைவு ஏறி போடிமெட்டு, அங்கருந்து பூப்பாறை, அப்படியே தோட்டம்னு போயிட்டு வர்ற மனுஷன், சீசன்ல திரும்பி வரும்போது பின்னாடி காய்மூட்டை வேற இருக்கும், சில நாள் இங்கருந்து உரம் மருந்து ஏத்திட்டு மேல போவாரு. அந்த ஏத்தத்துல அந்த ரெண்டு 370ம் ஒண்ணு கிடையாது. இத போன்ல சொல்லி சொல்லி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன், மலையில தோட்டம் வச்சிருக்க மத்தவங்களுக்கும் உதவும்.

ஆட்டோமேட்டிக் வாங்குங்கன்னு சொல்றவங்களுக்கு மொதல்லயே சொல்லிர்றேன், அவரு வாங்கமாட்டாரு. கியர் தன் கையில இருக்கணும், எறக்கத்துல எந்த கியர்ல எறங்குறோம்னு தனக்குத் தெரியணும்னு நெனைக்கிறவரு. எனக்கும் அதே எண்ணம்தான். அதனால மேனுவல் மட்டும், அதுலயும் கொஞ்சம் பவரான வண்டி. லிஸ்ட்டுல நிக்கிறது நாலு: கிரெட்டா என் லைன் 1.5 டர்போ பெட்ரோல், ஸ்கார்பியோ என் 2.0 டர்போ பெட்ரோல், ஸ்கார்பியோ என் 2.2 டீசல், இன்னோவா கிறிஸ்டா 2.4 டீசல்.

வண்டிகளுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. இத புரிஞ்சுக்கிட்டா பாதி முடிவு தானா வந்துரும்.

நம்ம ஊர்ல "இழுவை"னு சொல்றதுதான் டார்க். அந்த இழுவை எந்த ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்தும்போது, கெடைக்குதுங்கிறது சேந்தாதான் பவர். டார்க்க அளக்குற என்எம்ம, அதாவது நியூட்டன் மீட்டர, ஆர்பிஎம்மால பெருக்கி 7024ஆல வகுத்தா குதிரைசக்தி வந்துரும், அவ்ளோதான். 370 என்எம் 1500 ஆர்பிஎம்ல கெடச்சா அந்த எடத்துல 79 குதிரை. 203 குதிரைங்கிறது 5000 ஆர்பிஎம்ல வர்ற நம்பர், போடிமெட்டு போற வழியில புலியூத்து ஏத்தத்துல எவன் 5000 வரைக்கும் முறுக்கிக்கிட்டு போறான்?

இப்ப ஒரு ஹேர்பின்ன எடுத்துக்குவோம். வண்டி எடை 2 டன், மூணு பேரு, 50 கிலோ மூட்டை நாலு, ஆக மொத்தம் 2.4 டன்னு வைங்க. வளைவோட உள்பக்கம் ரோடு சட்டுனு தூக்கும், அங்க 15 சதவீத ஏத்தம்னு வச்சுக்குவோம், அதாவது 100 அடி போனா 15 அடி மேல ஏறும். வேகம் 15 கிலோமீட்டர். இந்த நெலமையில வண்டி வேகம் கொறையாம நிக்கணும்னாலே சுமாரா 22 குதிரை போதும். கேட்டா சின்ன நம்பரா இருக்கு இல்ல? அப்புறம் ஏன் வண்டி தெணறுது?

ஏன்னா கியர். இந்த மாதிரி வண்டிகள்ல டயர் ஒரு சுத்து சுத்துனா சுமாரா 2.2 மீட்டர் போகும். டயர் ஒரு சுத்து சுத்த இன்ஜின் எத்தன சுத்து சுத்தணும்னா, செகண்ட் கியரும் டிஃபரன்ஷியலும் சேந்து தோராயமா 8 மடங்கு, ஃபர்ஸ்ட் கியர்ல 15 மடங்குன்னு எடுத்துக்குங்க, வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். 15 கிலோமீட்டர் வேகத்துல செகண்ட்ல இன்ஜின் ஓடுறது வெறும் 900 ஆர்பிஎம். அந்த 900ல அந்த 22 குதிரைய எடுக்கணும்னா இன்ஜின் 170 என்எம் குடுக்கணும், அதுவும் வேகத்த அப்படியே தக்கவைக்க மட்டும், ஏத்தி எடுக்குறதுக்கு இல்ல. அதே வேகத்துல ஃபர்ஸ்ட்ல இருந்தா இன்ஜின் 1700ல ஓடும், 90 என்எம் போதும். டர்போவும் முழிச்சிருக்கும்.

ஹேர்பின்ல நடக்குற அத்தன கூத்தும் இந்த 900க்கும் 1700க்கும் நடுவுலதான். பேப்பர்ல எழுதியிருக்க பெரிய டார்க் நம்பர் எல்லாம் 1400க்கு மேலயோ 1500க்கு மேலயோதான் ஆரம்பிக்குது. அதுக்குக் கீழ என்ன கெடைக்கும்னு எந்த கம்பெனியும் பேப்பர்ல போடுறது இல்ல, மலையில இருக்குற நமக்கு அதுதான் ரொம்ப முக்கியம்.

டர்போ எப்படி வேல செய்யுதுன்னு தெரிஞ்சா இது இன்னும் தெளிவாயிடும். சைலன்ஸருக்குப் போற பொக வேகமா அடிச்சாதான் டர்போ சக்கரம் சுத்தும், சுத்துனாதான் இன்ஜினுக்கு காத்த அழுத்தி அனுப்பும். 900, 1000 ஆர்பிஎம்ல அந்த பொகையே கம்மி. அந்த நேரத்துல உங்க வண்டியில டர்போ இருந்தும் இல்லாத மாதிரிதான், இன்ஜின் தானா இழுக்குற காத்த வச்சுதான் ஓடும். சின்ன டர்போவா இருந்தா சீக்கிரம் முழிக்கும், ஆனா மேல போகப்போக மூச்சு முட்டும். பெரிய டர்போ மேல அள்ளிக் குடுக்கும், கீழ தூங்கும். இதுக்காகத்தான் இப்ப வர்ற நல்ல டீசல் இன்ஜின்கள்ல பொக அடிக்கிற பாதைய சுருக்கி விரிக்கிற மாதிரி டர்போ வைக்கிறாங்க, விஜிடின்னு சொல்லுவாங்க, ஆர்பிஎம் கம்மியா இருக்கும்போது பாதைய சுருக்கி பொகைய வேகமா அடிக்க வைக்கும். தோட்டத்துக்கு தண்ணி பாய்ச்சும்போது ஹோஸ் வாய விரல வச்சு அழுத்துவோம்ல, அதே வேலதான்.

இன்னொரு விஷயம், பேப்பர்ல 1500ல 370ன்னு போட்டிருந்தா, இன்ஜின அந்த 1500லயே புடிச்சு வச்சு ஃபுல் ஆக்ஸிலேட்டர் குடுத்து டர்போ நிதானத்துக்கு வந்தப்புறம் அளந்த நம்பர் அது. வளைவுல பிரேக் அடிச்சு, கால எடுத்து, திரும்பி, மறுபடி அழுத்தும்போது அந்த நம்பர் ஒடனே வராது, ஒரு செகண்டோ அதுக்கு மேலயோ கழிச்சுதான் வரும். எதிர்ல பஸ் வந்துட்டு இருக்கும்போது அந்த ஒரு செகண்ட் ரொம்ப பெருசு.

இத நான் பட்டுதான் கத்துக்கிட்டேன். முன்னாடி என்கிட்ட ஒரு சின்ன டீசல் வண்டி இருந்துச்சு, பேரு வேணாம். பிளைன்ல அடிச்சு தூக்கும், தேனி மதுரை ரோட்டுல அத ஓட்டுறதே ஒரு சந்தோஷம். ஒரு ஐப்பசி மாசம், நல்ல மழை, வீட்டு ஆளுங்க அஞ்சு பேரோட மூணாறு போறோம். ஒரு ஹேர்பின்ல கேரளா பஸ் எறங்கி வருது, ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்ங்கிறது மலையில முறை, ஆனா பஸ்ஸு பாதி திரும்பிட்டா என்ன பண்ண முடியும், நிறுத்திட்டேன். திரும்ப எடுக்கும்போது கீழ இழுவையே இல்ல, ஆஃப் ஆகுது, மறுபடி ஸ்டார்ட், ஹாஃப் கிளட்ச்ல ரேஸ் பண்ணி எடுக்குறேன், பின்னாடி லாரி ஹாரன் அடிக்கிறான், அம்மா ஒரு பக்கம் "பாத்துப்பா பாத்துப்பா"ங்குறாங்க. மேல மெட்டுக்குப் போய் சேர்றதுக்குள்ள கிளட்ச் கருகுற நாத்தம் வண்டி பூரா. அடுத்த மாசம் கிளட்ச் செட் மொத்தமா மாத்துனேன். அன்னைக்கு நான் பண்ண தப்பும் அதுல இருக்கு, முந்துன ரெண்டு வளைவையும் செகண்ட்லயே ஏத்தி கிளட்ச்ச ஏற்கெனவே சூடாக்கி வச்சிருந்தேன். ஆனா அந்த இன்ஜினோட கொணம் அப்படி, 2000 தொடுற வரைக்கும் ஒண்ணும் இருக்காது, தொட்டதும் மொத்தமா வந்து கொட்டும். மலைக்கு அப்படி ஒரு இன்ஜின் ஆகாது.

சரி, வண்டிகளுக்கு வருவோம்.

டர்போ இல்லாத பெட்ரோல பத்தி ரெண்டு வரி சொல்லிர்றேன், மச்சான் லிஸ்ட்டுல இல்லன்னாலும் கேக்குறவங்க இருக்காங்க. ஹோண்டா சிட்டி 1.5 மாதிரி வண்டி, 121 குதிரை 6600 ஆர்பிஎம்ல, 145 என்எம் 4300ல. அருமையான இன்ஜின், முறுக்க முறுக்க பாடும். ஆனா இழுவை வேணும்னா 4000க்கு மேல வச்சுக்கிட்டே ஓட்டணும். அதோட மேல போகப்போக காத்து லேசாகும், மூணாறு மாதிரி 1500 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி கீழ இருக்குறத விட 14 சதவீதம் போல கொறஞ்சுரும், டர்போ இல்லாத இன்ஜின்ல அந்த அளவுக்கு பவரும் கொறையும். டர்போ வண்டி அந்த கொறைய பெரும்பாலும் ஈடுகட்டிரும். தனியா ஓட்டுறவங்களுக்கு ஓகே, மூட்டை ஏத்துறவங்களுக்கு வேணாம்.

கிரெட்டா என் லைன். 1.5 டர்போ பெட்ரோல், 160 குதிரை, 253 என்எம் 1500ல இருந்து 3500 வரைக்கும், 6 ஸ்பீடு மேனுவல். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி 1.5 மேனுவலும் கிட்டத்தட்ட இதே ஜாதி, 150 குதிரை, 250 என்எம் 1600ல இருந்து 3500. 253ங்கிறத பாத்துட்டு மச்சான் "இது பத்தாது மாப்ள"னு ஒதுக்கிட்டாரு. நான் அவசரப்படாதீங்கன்னு சொன்னேன். வண்டி எடைய வச்சு வகுத்துப் பாத்தப்ப எனக்கே ஆச்சரியம். கிரெட்டா சுமாரா 1.3 டன், ஸ்கார்பியோ என் சுமாரா 2 டன். ஒரு ஆள் மட்டும் ஓட்டுனா டன்னுக்கு எத்தன என்எம்னு பாத்தீங்கன்னா கிரெட்டாவுக்கு 185, ஸ்கார்பியோவுக்கு 179. சின்ன வண்டி ஜெயிக்குது! மூணு பேரு நாலு மூட்டைன்னு 400 கிலோ ஏத்துனீங்கன்னா கிரெட்டா 149க்கு எறங்கிருது, ஸ்கார்பியோ 154ல நிக்குது. ஒரே 400 கிலோதான், ஆனா 1.3 டன் வண்டிக்கு அது 30 சதவீத பாரம், 2 டன் வண்டிக்கு 20 சதவீதம். அப்பவும் பாருங்க, பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

அப்ப ஏன் மச்சானுக்கு கிரெட்டா வேணாம்ங்கிறேன்? அது முன்சக்கரம் இழுக்குற வண்டி. ஏத்தத்துல வண்டியோட பாரம் பூரா பின்னாடி சாயும், முன்னாடி டயருக்கு புடிமானம் கொறையும், பின்னாடி மூட்டை வேற இருந்தா இன்னும் மோசம். ஹேர்பின்ல ஸ்டியரிங் முழுசா ஒடிச்சு, ரோடு நனஞ்சு கெடந்து, ஃபர்ஸ்ட்ல டர்போ திடீர்னு முழிச்சா உள்பக்கத்து முன் சக்கரம் சர்ருனு சுத்தும். சக்கரம் வழுக்காம பாத்துக்குற டிராக்ஷன் கன்ட்ரோல் வந்து பவர வெட்டும், வெட்டுனா ஆர்பிஎம் விழும், விழுந்தா டர்போ தூங்கிரும். இழுவை இன்ஜின்ல இருந்தாலும் ரோட்டுக்குப் போய்ச் சேரணும்ல. பின்சக்கரம் தள்ளுற வண்டியில இதே பாரம் நமக்கு உதவியா மாறிரும். தனியாவோ குடும்பத்தோடயோ மாசத்துக்கு ரெண்டு தடவ மூணாறு போறவங்களுக்கு, மீதி நாள் தேனி மதுரைன்னு ஓடுறவங்களுக்கு, கிரெட்டாவோ விர்ட்டஸோ தாராளமா வாங்கலாம், ஓட்டுறதுக்கு இங்க சொல்ற வண்டிகள்ல அதுங்கதான் சந்தோஷம் குடுக்கும்னு நான் மனசார சொல்லுவேன்.

இப்ப அந்த ரெண்டு 370.

ஸ்கார்பியோ என் பெட்ரோல் மேனுவல், 2.0 லிட்டர் எம்ஸ்டாலியன் டர்போ, 203 குதிரை 5000ல, 370 என்எம் 1750ல இருந்து 3000. டீசல் மேனுவல், 2.2 எம்ஹாக், 175 குதிரை 3500ல, 370 என்எம் 1500ல இருந்து 3000. வித்தியாசம் 250 ஆர்பிஎம்தானேன்னு தோணும். மேல போட்ட கணக்க வச்சுப் பாருங்க, செகண்ட் கியர்ல 250 ஆர்பிஎம்னா 4 கிலோமீட்டர் வேகம். டீசல் 25 கிலோமீட்டர்ல முழு இழுவைக்கு வந்துருது, பெட்ரோல் 29 தொடணும். ஹேர்பின் விட்டு வெளிய வரும்போது வண்டி இருக்குறது 15ல இருந்து 25க்குள்ள. அந்த 4 கிலோமீட்டர்தான் செகண்ட்லயே போலாமா இல்ல ஃபர்ஸ்டுக்கு எறங்கணுமான்னு தீர்மானிக்குது.

அதுக்கு மேல இன்னொரு காரணம் இருக்கு, இதப்பத்தி ஷோரூம்ல யாரும் வாய தெறக்கமாட்டாங்க. பெட்ரோல் இன்ஜின்ல கம்மி ஆர்பிஎம்ல டர்போ காத்த அழுத்தி அனுப்பி ஃபுல் ஆக்ஸிலேட்டர் குடுத்தா, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் தானா பத்திக்கிற ஆபத்து உண்டு. நேரடியா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் அடிக்கிற டர்போ இன்ஜின்கள்ல, கம்மி ஆர்பிஎம் அதிக பாரத்துல இது உலகம் பூரா தெரிஞ்ச விஷயம், நடந்துச்சுன்னா பிஸ்டனுக்கே ஆகாது. அதனால கம்ப்யூட்டர் அந்த எடத்துல ஜாக்கிரதையா இழுவைய கொறச்சுதான் குடுக்கும். இதுக்குன்னே தனியா தயாரிச்ச ஆயில் கிரேடு இருக்கு, எந்த டர்போ பெட்ரோல் வாங்குனாலும் மேனுவல் புக்ல போட்ட கிரேட மட்டும் ஊத்துங்க, மெக்கானிக் குடுக்குற வேற டப்பா வேணாம். டீசல்ல இந்த பயம் இல்ல. டீசல்ல காத்து எப்பவும் தேவைக்கு மேலயே இருக்கும், டீசல எவ்ளோ அடிக்கிறோம்ங்கிறதுதான் இழுவை. வண்டி முக்க ஆரம்பிச்சா ஆர்பிஎம் விழாம இருக்க தானா கொஞ்சம் கூட டீசல் அடிச்சு புடிச்சுக்கும், அதான் கிளட்ச்ச மெதுவா விட்டா ஆக்ஸிலேட்டரே குடுக்காம டீசல் வண்டி ஊர்ந்து ஏறுறத பாத்திருப்பீங்க.

அதுக்காக பெட்ரோல் ஸ்கார்பியோ மோசம்னு யாரும் எடுத்துக்காதீங்க. போடிமெட்டு தாண்டி கேரளா பக்கம் போனதும் கத வேற. என்ஹெச் 85 பூப்பாறை, ஆனையிறங்கல், தேவிகுளம் கேப் ரோடுன்னு இப்ப அகலமா போட்டுட்டாங்க, அங்க தேர்டு கியர்ல 50, 60னு 2000க்கு மேலயே இன்ஜின் ஓடும். அந்த எடத்துல பெட்ரோல் பூ மாதிரி போகும், சத்தம் இல்ல, அதிர்வு இல்ல, ஓவர்டேக் பண்ண மிதிச்சா 203 குதிரைங்கிறது நெசம்னு தெரியும். நம்ம தமிழ்நாட்டுப் பக்கத்து ஏத்தம்தான் குறுகல், அங்கதான் கீழ் இழுவை வேணும். மச்சான் ரெண்டு பக்கமும் ஓட்டுறாரு, ஆனா பாரத்தோட கஷ்டப்படுறது நம்ம பக்கம் ஏறும்போது. அதோட பாரம் ஏத்தி மலை ஏறும்போது டர்போ பெட்ரோல் குடிக்கிற குடிய வாரம் நாலு தடவ தாங்கணும்.

இன்னோவா கிறிஸ்டாவ மச்சான் "அது டாக்ஸி வண்டி மாப்ள"னு ஆரம்பத்துலயே தள்ளிட்டாரு. நான் திரும்ப லிஸ்ட்டுக்குள்ள கொண்டாந்தேன். 2.4 டீசல், 150 குதிரை, 343 என்எம், ஆனா ஆரம்பிக்கிறது 1400ல, 2800 வரைக்கும். இந்த நாலுல மொதல்ல முழிக்கிறது இதுதான். 2.4 லிட்டர்ங்கிறதால டர்போ தூங்குற நேரத்துலயும் இன்ஜினுக்குன்னு சொந்த பலம் கொஞ்சம் கூட. பின்சக்கரம் தள்ளுற வண்டி. சபரிமலை சீசன்ல குமுளி ரோட்டப் பாருங்க, லோயர் கேம்ப்ல இருந்து ஏழு பேரு, மேல கேரியர்ல இருமுடி பை எல்லாம் கட்டிக்கிட்டு வரிசையா ஏறுறது எந்த வண்டின்னு. டிரைவருங்க சும்மா தேர்ந்தெடுக்கல. 5 ஸ்பீடு கியர்பாக்ஸ்தான், ஹைவேல ஆறாவது கியர் இருந்தா நல்லாருக்கும்னு தோணும், ஸ்கார்பியோ மாதிரி சீட்டுல முதுக தள்ளுற வேகம் கெடைக்காது. அது உண்மை.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. கிறிஸ்டா ஆட்டோமேட்டிக்ல வந்தப்ப அதே இன்ஜின் 360 என்எம் குடுத்துச்சு, மேனுவல்ல 343. ஸ்கார்பியோ என் டீசல் ஆட்டோமேட்டிக் 400, மேனுவல் 370. ஃபார்ச்சூனர் 2.8 ஆட்டோமேட்டிக் 500, மேனுவல் 420. மேனுவல் வாங்குறவங்கள ஏமாத்துறாங்கன்னு நெறைய பேரு கோவப்படுறாங்க. மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும் தாங்குற அளவுக்குத்தான் இழுவைய விடுவாங்க, அதான் காரணம். ஆனா ஃபார்ச்சூனர்ல மேனுவலோட 420, 1400லயே வந்துருது, ஆட்டோமேட்டிக்கோட 500க்கு 1600 ஆகணும். கம்மி நம்பர், ஆனா சீக்கிரம். நான் இவ்ளோ நேரமா மச்சான்கிட்ட கத்திக்கிட்டு இருக்குறது இதத்தான். (பட்ஜெட் அங்க இல்ல, அதனால ஃபார்ச்சூனர் பேச்சு இதோட முடிஞ்சுது.)

காலைல ஆறு மணிக்கு போடியில நின்னு பாத்திருக்கீங்களா, தோட்ட வேலைக்குப் போற ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஜீப்புங்க வரிசையா கெளம்பும். பழைய மஹிந்திரா ஜீப்பு, இன்னைக்கு வண்டிங்களோட பவருல பாதி கூட இருக்காது. ஒரு நாள் ஒரு ஜீப் டிரைவர் அண்ணன் பக்கத்துல உக்காந்து போனேன். ஒரு வளைவுல கூட அவரு கியர் மாத்தல. வளைவுக்கு முன்னாடியே ஃபர்ஸ்டா செகண்டான்னு முடிவு பண்ணி போட்டுர்றாரு, உள்ள போனப்புறம் கால் ஒரே சீரா இருக்கு. "வளைவுக்குள்ள போயி யோசிச்சா வண்டி நின்னுரும் தம்பி, பின்னாடி பதினஞ்சு உசுரு இருக்கு"ன்னாரு. அந்த பழக்கம் இருந்தா எந்த வண்டியும் ஏறும், நான் ஒத்துக்கிறேன். ஆனா முன்னாடி போற வேன்காரன் வளைவு நடுவுல நிறுத்துனா நீங்க நிறுத்தித்தான் ஆகணும், அப்ப இன்ஜின்தான் காப்பாத்தணும்.

டீசல் வாங்குறவங்க டிபிஎஃப் பத்தி தெரிஞ்சுக்கணும். பிஎஸ் 6 டீசல் வண்டியில பொகையில இருக்க கரிய ஒரு ஃபில்டர் புடிச்சு வைக்கும், அது நெறஞ்சா வண்டி தானா அத எரிச்சு சுத்தம் பண்ணிக்கும், ஆனா அதுக்கு கொஞ்ச நேரம் விடாம ஒரே சீரான வேகத்துல ஓடணும். ஊருக்குள்ளயே பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் ஓட்டுறவங்களுக்கு டிபிஎஃப் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். மச்சானுக்கு அந்த பிரச்சன வராது, வாரம் ஒரு தடவயாவது மதுரை போவாரு, ஆண்டிபட்டி கணவாய் தாண்டுனா அது சுத்தமாயிரும். வருஷத்துக்கு 8000 கிலோமீட்டர் கூட ஓட்டாதவங்க, அதுவும் ஊருக்குள்ளயேன்னா, டீசல் எடுக்காதீங்க.

டெஸ்ட் டிரைவ் பத்தி. ஷோரூம் பையன் பைபாஸ்ல கூட்டிப்போயி நாலாவது கியர்ல மிதிச்சுக் காட்டி "பிக்கப் பாருங்க சார்"ம்பான். அதுல நமக்கு ஒண்ணும் தெரியாது. முந்தல் செக்போஸ்ட் தாண்டி மொத மூணு ஹேர்பின் வரைக்குமாவது போகணும்னு கேளுங்க, பின்னாடி மூணு பேர உக்கார வைங்க. ஒரு வளைவ செகண்ட்லயே 15ல எடுத்துப் பாருங்க, கால் அழுத்துனதுல இருந்து வண்டி நகர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு மனசுக்குள்ள எண்ணுங்க. அடுத்தது, ரோடு காலியா இருக்கும்போது ஏத்தத்துல நிறுத்தி, ஆக்ஸிலேட்டர் தொடாம கிளட்ச்ச மட்டும் மெதுவா விட்டுப் பாருங்க, ஆஃப் ஆகுதா, தானா பிடிச்சு நகருதா. ஓடிக்கிட்டு இருக்கும்போது செகண்ட்ல இருந்து ஃபர்ஸ்டுக்கு கியர் லேசா விழுதா, இல்ல மல்லுக்கட்டுதான்னும் பாருங்க, மலையில தெனமும் அத செய்யப்போறோம். ரொம்ப கம்மி ஆர்பிஎம்ல வண்டி தடதடன்னு அதிரும்போது மிதிக்காதீங்க, அந்த அதிர்வு கிளட்ச்சுக்குப் பின்னாடி இருக்க ஃப்ளைவீலத்தான் திங்கும், அது மாத்துனா கிளட்ச் பிளேட்ட விட செலவு.

போன ஞாயித்துக்கிழமை மாமாவும் கூட வந்தாரு, மச்சானோட அப்பா. அவருக்கு மூட்டு வலி. ஸ்கார்பியோவுல ஏறும்போது கைப்பிடிய புடிச்சு கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் ஏறுனாரு, கிறிஸ்டாவுல சாதாரணமா உக்காந்துட்டாரு. ஒண்ணும் சொல்லல. ஆனா மச்சான் அத பாத்துட்டாரு, நானும் பாத்தேன்.

என் கணக்கு இதுதான் மச்சான், நீங்களும் இத படிப்பீங்கன்னு தெரியும். மாமா வாரத்துல ரெண்டு தடவ கூட வருவாருன்னா கிறிஸ்டா எடுங்க, 1400ல முழிக்குது, பாரத்துக்கு அஞ்சாது, ஹைவேல 25 குதிரை கம்மிங்கிறது மாமா நிம்மதியா ஏறி எறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல. நீங்க மட்டும்தான் மலைக்குப் போறீங்க, மாமா இனிமே தோட்டத்துக்கு வர்றதா இல்லன்னா ஸ்கார்பியோ என் டீசல். 4x4 உங்களுக்கு வேணாம், தோட்டத்துக்குள்ள எப்படியும் ஜீப்புலதான் போறீங்க. பெட்ரோல மறந்துருங்க. டீசல்லயும் ஒரு விஷயம், கீழ் வேரியண்ட்ல அதே 2.2 இன்ஜின் 132 குதிரை, 300 என்எம்மோட வருது, வெல கம்மின்னு அத தலையில கட்டப் பாப்பாங்க, புக் பண்ற பேப்பர்ல 175ன்னு இருக்கான்னு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி படிங்க. சனிக்கிழமை நான் ஃப்ரீதான், ரெண்டு ஷோரூம்லயும் வண்டிய கேட்டு வைங்க, உரமூட்டை நாலு நான் கொண்டாறேன், ஏத்திக்கிட்டே புலியூத்து வரைக்கும் போயிட்டு வந்துரலாம்.